மோதிரமும் ரஹ்மத்தும்: டோல்கீனின் பெருநாவலில் உறவுகள்

அரபிக் கல்லூரிகளில் 'மகாமாத்துல் ஹரீரீ' பல தலைமுறைகளாக ஓதப்பட்டு வருகிறது. அபூ ஸைத் ஸரூஜீ என்னும் ஊர்சுற்றி, தன் நாவன்மை ஒன்றையே முதலாகக் கொண்டு மக்களை மயக்கிப் பொருள் பறிக்கும் கற்பனைக் கதைகள் அவை. நடவாத ஒன்றை நடந்ததாக எழுதுவது பொய்யுரைப்பதாகாதா என்ற ஆட்சேபம் எழும் என்பதை இமாம் ஹரீரீ முன்னரே அறிந்திருந்தார். விலங்குகளையும் உயிரற்றவற்றையும் பேசவைத்த நூல்களை அறிவுடையோர் எவரும் தள்ளிவிடவில்லையே என்ற கருத்துப்பட அவர் தம் முன்னுரையிலேயே விடை கூறிவிட்டார். சூனியக்காரர்களும் மாய மோதிரங்களும் வரும் ஆங்கில நாவலொன்றை மாணவர் படிக்கலாமா என்று இன்று கேட்போருக்கும் அந்த விடையே போதுமானது. கதையில் ஸிஹ்ரு வருகிறதா என்பதைவிட, கதை மனித உள்ளத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அரபியில் அது 'ஸய்யிதுல் கவாத்திம்' என்று அழைக்கப்படுகிறது. ஆசிரியர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பண்டைய ஆங்கில மொழியின் பேராசிரியர். உறுதியான கத்தோலிக்கக் கிறிஸ்தவர். 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். 2001 முதல் 2003 வரை வெளிவந்த திரைப்படங்கள் வழியாகவே நம் இளைஞர்களில் பெரும்பாலோர் இக்கதையை அறிவர். படங்கள் போர்களைப் பெரிதாக்கிக் காட்டின. நாவலின் உயிர்நிலையோ போர்களில் இல்லை. மூவர் நடந்து செல்லும் ஒரு நெடும்பயணத்தில் இருக்கிறது அது. அம்மூவரிடையே அன்பு என்ன செய்கிறது, இரக்கம் என்ன செய்கிறது, இரண்டும் எங்கே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சவ்ரோன் என்னும் கொடியவன் தன் ஆற்றலில் பெரும்பகுதியை ஒரு மோதிரத்தில் வார்த்து வைத்திருந்தான். போரில் அதை இழந்தான். நெடுங்காலத்திற்குப் பின் அது ஹாபிட் என்னும் குள்ள இனத்தவனான பில்போவின் கைக்கு வந்து, பின்பு அவன் வளர்த்த உறவினன் ஃபுரோடோவைச் சேர்கிறது. அதை அணிந்தவன் கண்களுக்கு மறைவான். நாளடைவில் அதற்கு அடிமையாவான். அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே அதை வீசி அழிக்க வேண்டும். அந்தப் பணியை ஏற்று ஃபுரோடோவும் அவனுடைய பணியாளன் ஸாமும் பகைவனின் நாடான மோர்டோர் நோக்கி நடக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக வந்து சேர்பவன், முன்பு அம்மோதிரத்தை நெடுங்காலம் வைத்திருந்து இழந்த கோல்லம்.

மோதிரக் கதை நமக்குப் புதிதன்று. ஸுலைமான் (அலை) அவர்களின் மோதிரத்தை ஒரு ஜின் கவர்ந்து கடலில் எறிந்ததாகவும், மீன் வயிற்றிலிருந்து அது மீண்டதாகவும் இஸ்ராயீலிய்யாத் கதைகளில் உண்டு. முஃபஸ்ஸிர்களில் ஆய்ந்தறிந்தோர் அதை ஏற்கவில்லை. கதை என்ற அளவில் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அங்கே மோதிரம் உரியவரிடம் திரும்புவதே நன்முடிவு. ஆயிரத்தோரிரவுக் கதைகளில் வரும் செருப்புத் தைப்பவர் மஅரூஃபுக்கும் மோதிரம் ஊழியனே. டோல்கீனிடம் மோதிரம் எவருக்கும் ஊழியம் செய்வதில்லை. அதற்கு 'உரியவர்' என்று நல்லவர் எவரும் இலர். ஆகவே இந்நாவலின் மாந்தர் ஒவ்வொருவரும் அதன் முன் நிறுத்தப்படும்போது, அவர் பிறரோடு கொண்ட உறவு எத்தகையது என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

கோல்லம் யார்? அவனுடைய இயற்பெயர் ஸ்மேகோல். ஆற்றங்கரையில் வாழ்ந்த, ஹாபிட்களுக்கு உறவான ஓர் இனத்தவன். அவனுடைய பிறந்த நாளன்று அவன் தோழனும் உறவினனுமான டேகோல் ஆற்றின் அடியிலிருந்து மோதிரத்தை எடுத்தான். பிறந்தநாள் பரிசாக அதைத் தரும்படி கேட்டு, அவன் மறுக்கவே, ஸ்மேகோல் அவன் கழுத்தை நெரித்துக் கொன்றான். காபீல் ஹாபீல் வரலாற்றை அறிந்த நமக்கு இதன் வடிவம் உடனே விளங்கும். அதன் பின் நடந்ததைத்தான் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். மோதிரத்தின் மறைவில் அவன் உளவறிந்தும் திருடியும் திரிந்ததால், குடும்பத்தின் தலைவியான பாட்டியே அவனை வீட்டை விட்டு விரட்டினாள். தொண்டையில் அவன் எழுப்பிய ஓசையையே அவனுக்குப் பெயராக்கினார்கள். மலைக்கடியில் இருளில் மீன் தின்று, தனக்குத் தானே பேசிக்கொண்டு, தன்னையும் மோதிரத்தையும் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டு அவன் நூற்றாண்டுகளைக் கழித்தான்.

அரபியில் 'ரஹ்மத்' என்னும் சொல்லும் கருப்பையையும் இரத்த உறவையும் குறிக்கும் 'ரஹிம்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அல்லாஹ் தன் திருப்பெயரான ரஹ்மானிலிருந்தே ரஹிமுக்குப் பெயரளித்தான் என்ற பொருளில் ஹதீஸ் குத்ஸீ உண்டு. கோல்லத்தின் வரலாறு ரஹிம் அறுந்துபோனவனின் வரலாறு. முதலில் தன் கையால் அறுத்தான். பின்பு பிறர் அவனை அறுத்தார்கள். உறவு போனதோடு பெயரும் போயிற்று. பெயர் போனவனுக்கு 'நான்' என்று சொல்லும் ஆற்றலும் போய்விடுகிறது. அவன் எப்போதும் 'நாங்கள்' என்றே பேசுகிறான். அவன் மனந்திரும்பும் தருணங்களில் மட்டும் 'நான்' என்ற சொல் அவன் வாயில் வருவதை நாவலில் கூர்ந்து படிப்போர் காணலாம்.

இந்த இடத்தில் நூலின் வரலாற்றில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பில்போவுக்கு மோதிரம் கிடைத்த கதை 1937இல் வெளியான 'தி ஹாபிட்' என்னும் சிறுவர் நாவலில் வருகிறது. அதன் முதல் பதிப்பில் கோல்லம் அவ்வளவு கொடியவனல்லன். விடுகதைப் போட்டியில் தோற்றபின் சொன்ன சொல்லைக் காக்க முயல்கிறான். பில்போவுக்கு வழியும் காட்டி அனுப்பிவிடுகிறான். 1951இல் வந்த திருத்திய பதிப்பில்தான் அந்த அத்தியாயம் மாறியது. இப்போது கோல்லம் கொல்ல வருகிறான். கண்ணுக்குத் தெரியாமல் வாளோடு நிற்கும் பில்போ, வாசலை மறித்து அமர்ந்திருக்கும் அவனை வெட்டிவிட்டுப் போகலாம். அந்த ஒரு கணத்தில் அவனுடைய ஒளியற்ற, நாளையற்ற வாழ்க்கை பில்போவின் மனக்கண்ணில் தெரிகிறது. அவனைத் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறான். பெருநாவல் முழுவதும் தாங்கி நிற்கும் அந்த இரக்கச் செயல், பெருநாவலை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னோக்கிச் சென்று பழைய நூலில் பதிக்கப்பட்டதாகும். அடித்தளத்தைப் பின்னர் இட்ட கட்டடம் இது. ஆயினும் விரிசல் தெரியவில்லை.

ஃபுரோடோ தொடக்கத்தில் இரக்கமுள்ளவனாக இல்லை. அந்தக் கேவலமான பிராணியைப் பில்போ அன்றே கொன்றிருக்கலாமே என்று ஆலோசகர் கண்டால்ஃபிடம் வருந்துகிறான். கண்டால்ஃப் அவனைக் கண்டிக்கிறார். மரணத்திற்குரியவர் பலர் வாழ்கிறார்கள், வாழ்வுக்குரியவர் பலர் மாள்கிறார்கள், மாண்டவர்க்கு உயிர் கொடுக்க முடியாதவன் மரணத் தீர்ப்பில் அவசரப்படலாகாது என்பது அவருடைய பேச்சின் சாரம். ஃபுரோடோ அதை அப்போது ஏற்கவில்லை. மாதக்கணக்கில் மோதிரத்தைச் சுமந்து நடந்த பின், பாறைச் சரிவொன்றில் கோல்லம் அவர்கள் கையில் சிக்கும்போதுதான் அச்சொற்கள் அவன் நினைவுக்கு வருகின்றன. இப்போது அவனைக் கண்ணால் பார்த்துவிட்டபடியால் இரங்குகிறேன் என்கிறான்.

இது எத்தகைய இரக்கம்? உயர்ந்த இடத்தில் நிற்பவன் தாழ்ந்தவன் மீது சொரியும் இரக்கமன்று. சுமை இன்னதென்று அறிந்தவன், அதே சுமையால் நொறுங்கியவனிடம் தன் நாளைய முகத்தைக் காண்கிறான். நஃப்ஸைப் பற்றி எழுதிய நம் முன்னோர், பாவியைக் காணும்போது தன்னை அவனிலும் மேலானவனாக எண்ணுவது அவன் செய்த பாவத்திலும் கொடியதாகிவிடக் கூடும் என்று எச்சரித்ததை இங்கு நினைக்கலாம். ஃபுரோடோ செய்யும் முதல் காரியம், அவனை ஸ்மேகோல் என்று அழைப்பது. அறுந்த ரஹிமை ஒருவன் பெயர் சொல்லி ஒட்டவைக்க முயல்கிறான். அதன் விளைவும் உடனே தெரிகிறது. கோல்லம் வழிகாட்டுகிறான், சதுப்பு நிலத்தைக் கடக்க வைக்கிறான், ஸாம் கேட்டதற்காக முயல்களையும் பிடித்து வருகிறான்.

ஆனால் இந்த உறவில் கறை இல்லாமல் இல்லை. கோல்லத்திடம் சத்தியம் வாங்கும்போது அவன் மோதிரத்தின் மீதே சத்தியம் செய்ய முன்வருகிறான். மோதிரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்ய ஃபுரோடோ விடவில்லை. அதன் பேரால் செய்ய விடுகிறான். அல்லாஹ் அல்லாதவற்றின் பேரில் சத்தியம் செய்வதை நம் ஷரீஅத் ஏன் தடுத்தது என்பதற்கு இந்த அத்தியாயம் நல்ல விளக்கவுரை. எதன் பேரால் சத்தியம் செய்கிறோமோ, அதனிடம் நம் கழுத்தைக் கொடுத்துவிடுகிறோம். இறுதியில் கோல்லத்தைப் பிடித்து இழுப்பது அந்தச் சத்தியமே. இன்னொன்று, தடைசெய்யப்பட்ட குளத்தில் அவன் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது நடப்பது. பாறைமேல் வில்லாளிகள் குறிபார்த்து நிற்கிறார்கள். அவன் உயிரைக் காக்க வேண்டுமானால் நயமாக அழைத்துக் காவலர் கையில் அகப்படச் செய்ய வேண்டும். ஃபுரோடோ அதைச் செய்கிறான். உயிர் தப்பியது. ஆனால் கோல்லத்தின் கணக்கில் அது துரோகம். நன்மை நாடிச் செய்த செயலும், வாழ்நாளில் ஒரே ஒருவனை நம்பத் தொடங்கியவனின் நம்பிக்கையை உடைக்கக் கூடும் என்பதை டோல்கீன் சமாதானம் எதுவும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

இனி ஸாம். இந்நாவலின் வாசகர்களில் அவனை நேசிக்காதவர் அரியர். தோட்டக்காரன் மகன். எஜமானுக்குச் சமைக்கிறான், போர்த்துகிறான், தன் பங்கு ரொட்டியை மிச்சம் பிடிக்கிறான், கடைசியில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறான். முதல் உலகப் போரில் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களும் அதிகாரிகளின் பணியாளர்களும் ஸாமின் படைப்பில் கலந்திருப்பதாக டோல்கீன் சொன்னதுண்டு. அரபு ஸீராக் கதைகளில் அன்தராவுக்கு ஷைபூப் உண்டு. ஒரே தாய் வயிற்றுச் சகோதரன், வேகமான ஓட்டக்காரன், தந்திரசாலி. ஷைபூபின் தோழமை வீரத்தின் நிழல். ஸாமின் தோழமையோ கித்மத். ஷைகுக்குப் பணிவிடை செய்யும் முரீதின் அன்பு அதில் தெரிகிறது.

முரீதின் அன்பில் ஓர் ஆபத்தும் உண்டு. மகான்களின் வாசலில் நிற்கும் சீடர்கள், ஷைகின் மீது கொண்ட பற்றாலேயே, வருகின்ற பாவிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருப்பவர் அழைத்திருப்பார். வெளியே இருப்பவர் விரட்டுவார். ஸாமின் குறை இதுவே. அவனுடைய அன்பு முழுவதும் ஒருவன் மீதே குவிந்துவிட்டது. அந்த ஒருவனைச் சுற்றி அது மதில் எழுப்புகிறது. கோல்லத்திற்கு அவன் இரண்டு இழிபெயர்களைச் சூட்டுகிறான். குழைகின்ற நிலைக்கு ஒன்று, வஞ்சகம் செய்கின்ற நிலைக்கு ஒன்று. ஃபுரோடோ மீட்டுக் கொடுத்த பெயரை அவன் மீண்டும் பறிக்கிறான். ஸாமின் சந்தேகம் தவறானதா என்றால், இல்லை. கோல்லம் அவர்களைச் சிலந்திப் பூதமான ஷீலாபின் குகைக்குள் கொண்டுசென்று கொல்லத் திட்டமிட்டதை முதலில் உணர்ந்தவன் அவனே. அவன் அறிவு சரி. அந்த அறிவு போதுமானதாக இல்லை.

கிரித் உங்கோல் படிக்கட்டில் நடப்பதைப் பாருங்கள். களைப்பால் ஸாமின் மடியில் தலை வைத்து ஃபுரோடோ உறங்குகிறான். ஸாமும் உறங்கிவிடுகிறான். வஞ்சகத்திற்கான ஏற்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பும் கோல்லம் அவர்களைப் பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. கண்களின் பசுமை மங்கி, முதுமை தெரிகிறது. உற்றாரையும் இளமையின் வயல்வெளிகளையும் ஓடைகளையும் இழந்து, காலங்கடந்து வாழ்ந்துவிட்ட ஒரு வயோதிக ஹாபிட்டைப் போல ஒரு கணம் தோன்றுகிறான். நடுங்கும் கையை நீட்டி ஃபுரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். தடவுவது போன்ற தொடுதல். அந்த நேரத்தில் ஸாம் விழித்துக்கொள்கிறான். என்ன செய்கிறாய் என்று அதட்டி, பதுங்கித் திரிபவன் என்று ஏசுகிறான். பச்சை ஒளி கண்களில் திரும்புகிறது. அந்தக் கணம் போய்விட்டது. பிறகு ஸாம் வருத்தம் தெரிவிக்கிறான், அதனால் பயனில்லை. கோல்லம் அவர்களைக் குகைக்கு அழைத்துச் செல்கிறான்.

தொண்ணூற்றொன்பது கொலை செய்தவனைப் பற்றிய, புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸை நாம் இங்கு நினையாமல் இருக்க முடியாது. தவ்பாவுக்கு வழியுண்டா என்று அவன் முதலில் ஒரு வணக்கசாலியிடம் கேட்டான். இல்லை என்றார். அவரையும் கொன்று நூறாக்கினான். பின்பு ஓர் ஆலிமிடம் கேட்டான். உனக்கும் தவ்பாவுக்கும் இடையே தடுப்பவர் யார் என்று கேட்டு, நல்லோர் வாழும் ஊருக்குப் போகும்படி அவர் வழிகாட்டினார். போகும் வழியில் மரணம் வந்தது. நல்லூருக்கு ஒரு சாண் அருகில் இருந்தான்; மன்னிக்கப்பட்டான். அந்த வணக்கசாலி கெட்டவர் அல்லர். பாவத்தின் அருவருப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, பாவியின் நிலை தெரியவில்லை. படிக்கட்டில் ஸாம் அவருடைய இடத்தில் இருக்கிறான். கோல்லம் ஒரு சாண் தூரத்தில் இருந்தான். ஒரு சொல் அவனைத் திருப்பிவிட்டது.

இக்கதையிலேயே மிகுந்த அவலமான தருணம் இதுவாக இருக்கலாம் என்று டோல்கீனே 1963இல் எழுதிய கடிதமொன்றில் கருத்துத் தெரிவித்திருக்கிறார். வாசகர் பலர் இதைக் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். காரணம் எளிது. ஸாமை நேசிக்கும் நாம் அவன் கண்ணாலேயே பார்க்கிறோம். ஜமாஅத்திலிருந்து ஒதுக்கப்பட்டவன் ஒருநாள் பள்ளிவாசலின் கடைசி ஸஃபில் வந்து நிற்கும்போது, முன் ஸஃபிலிருந்து திரும்பிப் பார்க்கும் பார்வைகள் எத்தகையவை என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

மஹப்பத் வேறு, ரஹ்மத் வேறு என்று நாம் கருதுவது இதனால்தான். மஹப்பத் தேர்ந்தெடுக்கிறது. ரஹ்மத்துக்குத் தேர்வு இல்லை. ஸாமிடம் முதலாவது நிறைந்து வழிந்தது. இரண்டாவது எப்போது வந்தது? ஷீலாபின் விஷத்தால் ஃபுரோடோ இறந்துவிட்டான் என்று நம்பி, சிறிது நேரம் ஸாமே மோதிரத்தைச் சுமக்கிறான். அவனுக்கும் ஆசை காட்டுகிறது அது: பாலைநிலத்தை எல்லாம் தோட்டமாக்கும் மாவீரன் ஸாம்! எஜமான் மீதுள்ள அன்பும், சிறிய தோட்டமே தனக்குப் போதும் என்னும் எளிய அறிவும் அவனைக் காக்கின்றன. பின்பு எரிமலையின் சரிவில் கோல்லம் மீண்டும் கையில் சிக்குகிறான். வாளை ஓங்கிய ஸாமால் வெட்ட முடியவில்லை. அந்த ஒடுங்கிய உடலுக்குள்ளும் உள்ளத்துக்குள்ளும் இருக்கும் வேதனை அவனுக்கு இப்போது மங்கலாகப் புரிகிறது. சிறிது நேரமாவது சுமந்தவன் அல்லவா? உபதேசத்தால் வராதது சுமையால் வந்தது. முதலில் பில்போ, பின்பு ஃபுரோடோ, கடைசியில் ஸாம் என்று மூவர் வாளைத் தாழ்த்தியிராவிட்டால், அடுத்து நடந்தது நடந்திருக்காது.

அடுத்து நடந்தது, பெருவீரக் கதைகளின் மரபுக்கு முற்றிலும் மாறானது. எரிகுழியின் விளிம்பில் ஃபுரோடோ மோதிரத்தை வீச மறுக்கிறான். அது தனக்கே உரியது என்று அறிவித்து அணிந்துகொள்கிறான். கோல்லம் பாய்ந்து அவன் விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரத்தோடு துள்ளிக் குதிக்கையில் கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகைக் காத்தது நாயகனின் உறுதியன்று. அமானத்தைச் சுமந்தவன் கடைசி அடியில் தவறிவிட்டானா? ஃபிக்ஹு ஓதியவர்கள் 'இக்ராஹ்' என்னும் கட்டாய நிலையின் சட்டத்தை நினைப்பார்கள். தாங்க முடியாத வற்புறுத்தலுக்கு ஆளானவனின் சொல்லுக்கு ஹுக்மு வேறு. ஃபுரோடோவின் செயல் ஒழுக்கத் தவறாகாது, அந்த அழுத்தம் எவராலும் தாங்கக்கூடியதன்று என்ற கருத்தையே டோல்கீனும் அதே கடிதத்தில் கொண்டிருக்கிறார். நமக்கும் அது ஏற்புடையதே. ஆனால் ஃபுரோடோ தன்னை அப்படி விடுவித்துக்கொள்வதில்லை. கோல்லம் இல்லாவிட்டால் தன்னால் முடிந்திராது, ஆகவே அவனை மன்னிப்போம் என்று ஸாமிடம் சொல்கிறான். ஊர் திரும்பியபின் வாளைத் தொட மறுக்கிறான். தன்னைக் குத்த வந்த ஸாருமானைக்கூடக் கொல்லவிடவில்லை. காயம்பட்ட அக்டோபர் 6 வரும்தோறும் நோயுறுகிறான். சொந்த ஊரில் அவனுக்குப் பெரிய மதிப்பும் இல்லை.

துணைக் கதைகளில் கோண்டோர் நாட்டுக் காவலர் டெனெதோரின் குடும்பம் தனித்துப் பேசத்தக்கது. மூத்தவன் போரோமிர் வீரன், தந்தையின் செல்லம். இளையவன் ஃபராமிர் கல்வியாளன், தந்தையின் கண்ணுக்கு எப்போதும் குறைபட்டவன். போரோமிர் மோதிரத்தைப் பறிக்க முயன்று, உடனே வருந்தி, இரண்டு இளம் ஹாபிட்களைக் காக்கப் போரிட்டு மாள்கிறான். ஃபராமிரோ தெருவில் கிடந்தாலும் அதை எடுக்க மாட்டேன் என்பவன். அவனும் அவனுடைய வீரர்களும் உண்ணுமுன் எழுந்து மேற்கு நோக்கி மௌனமாக நிற்கிறார்கள். தொழுகையோ ஆலயமோ இல்லாத இந்நாவலில் வழிபாட்டின் சாயல் கொண்ட வழக்கங்களில் இது முக்கியமானது. அவர்கள் இருவரும் இடம் மாறி, இவன் இறந்து அவன் வாழ்ந்திருக்கலாமே என்று தந்தை மகனிடம் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்ததை நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த மறுப்பின் பொருளை டெனெதோரின் வீடு விளக்குகிறது. நிராகரிக்கப்பட்ட மகன் சாகத் துணிந்து போர்முனைக்குப் போகிறான். தந்தை நம்பிக்கையிழந்து தன்னைத் தானே எரித்துக்கொள்கிறார். இங்கே அரகோர்னின் ஒரு செயலையும் சொல்ல வேண்டும். இறக்கும் போரோமிர் அவனிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அந்தக் கடைசிச் சொற்களை அரகோர்ன் நெடுநாள் எவரிடமும் வெளியிடவில்லை. பிறர் குறையை மூடுதல் என்று நாம் ஓதும் 'ஸத்ரு' அதுவே. வருங்கால அரசனின் தகுதியை அவன் வாளைவிட இந்த மௌனமே நமக்குக் காட்டுகிறது.

பெண் பாத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எயோவின் ஒருத்தியே முழுமையாக உருவாகியவள். அரகோர்னை மணக்கும் ஆர்வெனின் கதை பெரும்பாலும் பிற்சேர்க்கைக்குள் தள்ளப்பட்டுவிட்டது. இது நாவலின் குறை.

அதனிலும் பெரிய குறை ஒன்று உண்டு. சவ்ரோனின் படையில் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மனிதர் வருகிறார்கள். தெற்கே ஹராத், கருநிற மக்கள், யானை போன்ற பெரும் விலங்குகள். ஐரோப்பியக் கதை மரபில் தெற்கும் கிழக்கும் யாரைக் குறித்தன என்பதை அறிந்த முஸ்லிம் வாசகர் இங்கே தயங்குவது இயல்பு. டோல்கீனுக்கும் ஏதோ உறுத்தியிருக்கிறது. மனிதரோடு மனிதர் போரிடுவதை முதன்முதலாகக் காணும் ஸாமின் அருகே ஒரு தெற்கத்திய வீரன் செத்து விழுகிறான். அவன் பெயர் என்ன, ஊர் எது, உண்மையில் கெட்டவனா, எந்தப் பொய்யோ மிரட்டலோ அவனை இவ்வளவு தூரம் நடத்தி வந்தது என்று ஸாம் எண்ணுகிறான். (திரைப்படத்தின் நீட்டித்த வடிவில் இவ்வெண்ணத்தை ஃபராமிரின் வாயில் கொடுத்துவிட்டார்கள். தோட்டக்காரனின் மனத்தில் எழுந்தபோது அதற்கிருந்த மதிப்பு, தலைவன் பேசும்போது இல்லை.) கோல்லத்திடம் இரக்கம் காட்ட இயலாத அதே ஸாம் இதை எண்ணுகிறான் என்பதும் நோக்கத்தக்கது. இறந்தவனிடம் இரங்குவது எளிது போலும். நாவலின் முடிவில் அரகோர்ன் ஹராத்தோடு சமாதானம் செய்கிறான். மோர்டோரின் அடிமைகளை விடுவித்து நூர்னென் ஏரியைச் சுற்றிய நிலங்களை அவர்களுக்கே கொடுக்கிறான். இவை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. அவர்களில் ஒருவனுக்கும் பெயரில்லை. ஒருவனும் வாய் திறப்பதில்லை. ஓர்க் என்னும் கொடிய இனத்தாருக்காவது ஷக்ராத், கோர்பாக் என்று பெயருண்டு. மேலதிகாரிகளின் தொல்லையின்றி எங்காவது போய்ப் பிழைக்கலாமா என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியும் உண்டு.

இதைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நேர்மை. மம்லூக் காலத்து எகிப்தில் உருவான 'ஸீரத்து ஸைஃப் பின் ஸீ யஸன்' நமக்கு வாய்த்த மிகப் பெரிய கற்பனைக் காவியங்களில் ஒன்று. ஜின்களும் சூனியக்காரர்களும் நைல் நதியின் மந்திர நூலும் நிறைந்தது. அதில் பகைவர் ஹபஷிகள். பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையையும் நஜ்ஜாஷி மன்னரின் அடைக்கலத்தையும் அறிந்த ஒரு சமுதாயத்தின் கதைசொல்லிகள், கறுப்பு நிறத்தையே சாபத்தின் அடையாளமாக வைத்துக் கதை பின்னினார்கள். அந்தத் தவறு டோல்கீனின் தவறிலும் சிறிதன்று. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த ஸீராவில் பகைவருக்குப் பெயருண்டு, சபையுண்டு, மகளுண்டு. பாலைவனத்தில் பெற்ற தாய் கமரிய்யா எறிந்துவிட்டுப் போன குழந்தையை எடுத்து வளர்ப்பவர் அஃப்ராஹ் என்னும் கறுப்பின மன்னர். அவருடைய மகள் ஷாமாவையே ஸைஃப் மணக்கிறான். தன்னைக் கொல்ல மீண்டும் மீண்டும் சூழ்ச்சி செய்யும் தாயை, பெற்றவள் என்பதற்காகவே, அவன் மீண்டும் மீண்டும் மன்னிக்கிறான். அங்கே ரஹ்மத் ரஹிமின் வழியே வருகிறது. டோல்கீனிடம் அது ரஹிம் அறுந்தவனைத் தேடிப் போகிறது. ஆனால் ஹராத்தின் எல்லை வரை போய் நின்றுவிடுகிறது.